நடுக்கடலில் நாளும் பொழுதும்: பாய்மரக் கலங்களின் அன்றாட வாழ்வு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூரு நகரத்தில் கடலோடிகளின் சுவட்டைத் தேடுவார் அரியர். எனினும் அந்நகரின் அல்சூர் ஏரிக்கரையில், இந்தியக் கடற்பயண வரலாற்றோடு தொடர்புடைய பெயர் ஒன்று நிலைபெற்றுள்ளது. ஏரியை அடுத்துள்ள மதராசு பொறியாளர் படைப்பிரிவைச் சார்ந்து இயங்கும் பாய்ப்படகுக் கழகத்தின் பெயர் ‘திரிஷ்ணா’ என்பதாகும். 1780இல் தோற்றம் கொண்ட அப்படைப்பிரிவின் வீரர்கள் ‘தம்பிகள்’ என்றே இராணுவத்தில் அழைக்கப்பெறுவர் என்பதும், தமிழ் அங்கு நெடுங்காலம் பாசறை மொழியாக வழங்கியது என்பதும் பலரும் அறிந்தவை. திரிஷ்ணா என்பது இந்திய இராணுவப் பொறியாளர் படையைச் சேர்ந்தோர் உலகைச் சுற்றிவந்த பாய்க்கலத்தின் பெயர். 1985 செப்டம்பர் 28இல் மும்பையிலிருந்து புறப்பட்ட அக்கலம், ஏறத்தாழ 30,000 கடல் மைல் கடந்து 1987 சனவரி 10இல் மும்பைக்கே மீண்டது. பாய்மரக் கலத்தில் இந்தியர் உலகை வலம்வந்தது அதுவே முதன்முறை. அதனைச் சிறப்பித்து இந்திய அஞ்சல் துறை தபால்தலையும் வெளியிட்டது.

திரிஷ்ணாவின் நீளம் 37 அடி. பெங்களூரு நகரப் பேருந்து ஒன்றைவிடச் சற்றே குறைந்த நீளம் எனலாம். அகலமோ பேருந்தைவிடச் சிறிது கூடுதல். அவ்விடத்திற்குள் சமையல், உறக்கம், வரைபட மேசை, கருவிப்பெட்டி, பாய்மூட்டைகள், பல வாரங்களுக்கான நீர், உணவு, இவற்றினிடையே மனிதர்கள். இத்தகைய இடத்தில் ஒரு நாள் எவ்வாறு கழியும் என்னும் வினா எளியதாகத் தோன்றும். ஆயினும் தமிழரின் கடல் வரலாற்றை எழுதியோர் இவ்வினாவை எழுப்பியது குறைவு. துறைமுகங்கள், ஏற்றுமதி இறக்குமதிப் பொருள்கள், சோழர் கடற்படை, கடாரப் படையெடுப்பு ஆகியன குறித்துப் பெருநூல்கள் உள. கலத்தில் சோறு சமைத்தவன் யார், நீர் எவ்வாறு பங்கிடப்பட்டது, நள்ளிரவில் சுக்கானைப் பிடித்தவன் எப்போது உறங்கினான் என்பன அந்நூல்களில் இடம்பெறுவதில்லை. இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி கடல்கடந்த ஊர்களை அடுக்குகிறது. அவ்வூர்களுக்கு இடைப்பட்ட கடலில் கழிந்த நாள்களைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. மெய்க்கீர்த்தியின் நோக்கம் வேறாதலின் அதனைக் குறைகூற இயலாது. குறை, அதனை மட்டுமே சான்றாகக் கொண்டு நிறைவடைந்த ஆய்வு முறையைச் சார்ந்தது.

இலக்கியத்தின் நிலை இதனினும் சற்று மேலானது. மதுரை மருதன் இளநாகனார் பாடிய அகநானூற்று 255ஆம் பாடல், பகலும் இரவும் ஓய்வின்றிக் காற்றால் உந்தப்பட்டுச் செல்லும் வங்கத்தையும், கரையின் மாடத்து எரியும் விளக்கைக் கொண்டு திசையறிந்து அதனைச் செலுத்தும் நீகானையும் காட்டுகிறது. பிரிந்த தலைவியின் துயரே பாடலின் பொருள். ஆயினும் கலத்தில் இரவென்று ஓய்வு இல்லை என்னும் செய்தி அதில் பிழையின்றிப் பதிவாகியுள்ளது. நிலத்தில் நடப்போன் இருட்டியதும் சத்திரத்தில் தங்குவான். கடலோடிக்கு அவ்வாய்ப்பு இல்லை. நடுக்கடலின் ஆழத்தில் நங்கூரம் தரைதட்டாது. கலம் இரவிலும் சென்றே ஆகவேண்டும். ஆகவே எவரேனும் ஒருவர் எப்போதும் விழித்திருக்க வேண்டும். கலத்தின் அன்றாட ஒழுங்கு முழுவதும் இவ்வொரு தேவையிலிருந்தே பிறக்கிறது. மணிமேகலையின் சாதுவன், கலம் உடைய ஒடிந்த மரத்தைப் பற்றி நாகர் மலையை அடைந்த கதை அனைவரும் அறிந்ததே. அங்கும் காப்பியப் புலவரின் கண் கலம் உடைந்த கணத்தில் நிற்கிறதேயன்றி, உடைவதற்கு முன் கழிந்த நாள்களில் நிற்கவில்லை.

அந்நாள்களைக் காணத் தமிழுக்கு வெளியே செல்ல வேண்டியுள்ளது. 399இல் சீனத்திலிருந்து நிலவழியே புறப்பட்டு இந்தியா வந்த பாகியான் என்னும் பௌத்தத் துறவி, ஈழத்தில் இரண்டாண்டு தங்கிய பின்னர் வணிகக் கலத்தில் நாடு திரும்பினார். அவர் எழுதி வைத்த குறிப்பு, தென்கடலில் பயணியொருவர் கண்ட கல வாழ்வின் மிகப் பழைய நேர்ச்சான்றுகளுள் ஒன்று. இருநூற்றுக்கு மேற்பட்டோர் ஏறிய பெருங்கலம் அது. பெருங்கலம் பழுதுற்றால் தப்புவதற்காகச் சிறு கலம் ஒன்று கயிற்றால் பின்னே கட்டப்பட்டிருந்தது. புறப்பட்ட சில நாள்களில் புயல் வீசிக் கலத்தில் நீர் புகுந்தது. வணிகர் சிறு கலத்திற்குத் தாவ முற்பட்டனர். அதிலிருந்தோர், கூட்டம் மிகுந்தால் தாமும் மூழ்குவோம் என அஞ்சிக் கயிற்றை அறுத்துக்கொண்டு அகன்றனர். எஞ்சியோர் சரக்குகளைக் கடலில் எறிந்தனர். பாகியான் தம் நீர்க்கலயத்தையும் கழுவும் பாத்திரத்தையும் எறிந்தார். தாம் அரிதில் தேடிய சுவடிகளையும் திருவுருவங்களையும் வணிகர் எறிந்துவிடுவரோ என்பதே அவரது அச்சம். பதின்மூன்று நாள் கழித்து ஒரு தீவில் ஒதுங்கி, ஓதம் வற்றிய வேளையில் நீர் புகுந்த இடத்தைக் கண்டு அடைத்தனர்.

சாவகப் பகுதியிலிருந்து அவர் ஏறிய இரண்டாம் கலத்தின் நிகழ்ச்சி இன்னும் கூர்மையானது. ஐம்பது நாளுக்கான உணவும் நீரும் ஏற்றப்பட்டிருந்தன. திசை தவறி எழுபது நாள் கடந்தும் கரை தென்படவில்லை. சோறு சமைக்கக் கடல்நீர் பயன்படுத்தப்பட்டது. நன்னீர் ஆளுக்கு இரண்டு ‘செங்’ என அளந்து தரப்பட்டது. அக்காலச் சீன அளவில் ஒரு செங் ஏறத்தாழ 200 மில்லி லிட்டர். எனவே ஆளுக்குக் கிடைத்தது அரை லிட்டருக்கும் குறைவு. இதற்கு முன்பே, கருங்காற்று வீசியதற்கு இத்துறவியே காரணம் எனக் கூறி அவரை ஏதேனும் ஒரு தீவில் இறக்கிவிடக் கலத்திலிருந்த அந்தணர் சிலர் ஆலோசித்தனர். அவரை ஆதரித்த வணிகர் ஒருவர், அவ்வாறு செய்தால் சீன மன்னனிடம் முறையிடுவேன் என அச்சுறுத்தியதால் துறவி பிழைத்தார். நீர் குறையும் கலத்தில் மனிதர்க்கிடையே உறவும் குறைகிறது என்பதற்கு இதனினும் தெளிவான பழஞ்சான்று கிடைப்பது அரிது. பாகியான் தமிழ்க் கலத்தில் சென்றார் என்று கூற இயலாது. ஆயினும் அக்கடலில், அக்காற்றில், அத்தகைய மரக்கலங்களிலேயே தமிழ் வணிகரும் சென்றனர்.

உணவும் நீரும் போலவே நேரமும் கலத்தில் பங்கிடப்படும் பொருளாகும். தமிழ் மரபில் ஒரு நாள் எட்டுச் சாமம். ஒரு சாமம் ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணி நேரம். 15ஆம் நூற்றாண்டின் இபின் மாசித்து முதலிய அரபு மாலுமிகள் தம் நூல்களில் தொலைவை அளக்கப் பயன்படுத்திய ‘சாம்’ என்னும் அலகும் மூன்று மணி நேரக் கலப்பயணத்தையே குறிக்கிறது. ஒலியும் அளவும் இவ்வாறு ஒத்துநிற்பதால், யாமம் என்னும் இந்தியச் சொல்லுக்கும் இவ்வரபு அலகுக்கும் உறவு உண்டென்று கருத இடமுண்டு. காவல் மாறும் நேரமே கடலில் தொலைவின் அளவாயிற்று என்பது ஈண்டு நோக்கத்தக்கது. நிலத்தில் காதம் என்பது நடந்த தொலைவு. கடலில் சாமம் என்பது ஒருவன் விழித்திருந்த நேரம்.

கலத்தில் வழங்கிய ஏனைய சொற்களும் இத்தகையனவே. மீகாமன், நீகான், பாய்மரம், அணியம் என்பன தமிழின் பழஞ்சொத்து. ஆனால் மாலுமி அரபுமொழியின் ‘முஅல்லிம்’ என்பதன் திரிபு. சுக்கானும் அரபு வழி வந்தது. நங்கூரம், செரங்கு ஆகியன பாரசீகத் தொடர்புடையன. பாயின் கீழ் நுனியைக் கட்டும் கயிறாகிய தாமானும் அவ்வாறே. கலத்தின் சமையற்காரனைக் குறிக்கும் பண்டாரி, தலைவனைக் குறிக்கும் தண்டல் அல்லது தண்டையல் ஆகியன மேற்குக் கடற்கரை முழுவதிலும் சிற்சில திரிபுகளுடன் வழங்குவன. தனித்தமிழ் நோக்கில் இச்சொற்களைக் களைய முற்படுவோர் உளர். அம்முயற்சி இங்குப் பொருந்தாது. காற்றுத் திடீரென மாறும்போது, வெவ்வேறு ஊரிலிருந்து வந்த பத்துப் பேர் ஒரே கணத்தில் ஒரே கயிற்றை இழுக்க வேண்டும். அந்தக் கணத்திற்கு உதவிய சொல்லே கலத்தில் நிலைத்தது. காற்றின் பெயர்களோ பெரும்பாலும் தமிழாகவே நின்றன: வாடை, கொண்டல், கச்சான், சோழகம். சோழகம் என்னும் தென்காற்றுப் பெயர் யாழ்ப்பாணக் கரையில் இன்றும் வழக்கில் உள்ளது.

இரவில் திசையறிய உதவிய கருவி ராப்பலகை. சிறு பலகையின் நடுவே முடிச்சிட்ட நூல் கோக்கப்பட்டிருக்கும். பலகையின் கீழ்விளிம்பு தொடுவானையும் மேல்விளிம்பு துருவமீனையும் தொடுமாறு கண்முன் பிடித்து, நூலைப் பல்லிடுக்கில் இழுத்துப் பிடித்தால், எந்த முடிச்சு பல்லில் படுகிறதோ அம்முடிச்சுக்குரிய துறையின் நேர்கோட்டில் கலம் நிற்கிறது என்பது பொருள். அளவு விரற்கணக்கில் அமையும். ஒரு விரல் ஏறத்தாழ 1 பாகை 36 கலை. காங்கிரீவ் என்னும் ஆங்கிலப் படை அலுவலர் சோழமண்டலக் கரை மாலுமிகளின் இத்தகைய உத்திகளை நேரிற்கண்டு 1850இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஆய்விதழில் எழுதினார். பிற்காலத்தில் மும்பைப் பல்கலைக்கழகப் புவியியல் அறிஞர் பா. அருணாசலம் சோழர் கால மாலுமி நுட்பங்களை விரிவாக ஆராய்ந்தார். ஆய்வாளர் பலரும் இக்கருவியின் கணிதத்தை வியந்தனர். அதனைப் பயன்படுத்தியோரின் உடல்நிலையை எண்ணிப் பார்த்தவர் சிலரே. ஏறத்தாழ பத்துப் பாகை அகலாங்கில் துருவமீன் தொடுவானுக்கு மிக அருகிலேயே நிற்கும். மூட்டம் சிறிதிருந்தாலும் மறைந்துவிடும். ஆடும் தளத்தில் காலூன்றி, மேகம் விலகும் வரை காத்து நிற்பது மாலுமியின் இரவுப் பணிகளுள் ஒன்று.

இருபதாம் நூற்றாண்டில் தமிழ் மாலுமிகள் சிறு பாய்க்கலத்தில் பெருங்கடல் கடந்த நிகழ்ச்சிகளுள் தலையாயது அன்னபூரணி அம்மாள் என்னும் கலத்தின் பயணம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறை, பருமாவிலிருந்து அரிசியும் மரமும் ஏற்றிவந்த பாய்க்கலங்களின் தாயகமாக விளங்கிய ஊர். அங்கு 1930இல் கட்டப்பெற்ற அன்னபூரணி 89 அடி நீளமும் 19 அடி அகலமும் கொண்டது. 1928 முதல் 1931 வரை 32 அடிக் கலமொன்றில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன், இக்கலத்தைக் கண்டு விரும்பி வாங்கி, தம் மனைவியின் பெயரால் ‘புளோரன்சு சி. ராபின்சன்’ எனப் பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறையைச் சேர்ந்த தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும், சிதம்பரப்பிள்ளை, சபாரத்தினம், சுப்பிரமணியம், இரத்தினசாமி ஆகிய நால்வரும் அதனைச் செலுத்தினர். அமெரிக்கர் ஒருவரும் உடன்சென்றார். செங்கடல், சூயசுக் கால்வாய், மத்தியதரைக் கடல், பெர்முடாத் தீவு என நீண்ட அப்பயணம் 1938 ஆகத்து 1இல் அமெரிக்காவின் குளொசுட்டர் துறைமுகத்தில் முடிந்தது.

இந்நிகழ்ச்சி ஈழத்தமிழரிடையே பெருமிதத்துடன் நினைவுகூரப்படுகிறது. அது தகும். ஆயினும் பெருமிதம் ஆய்வுக்குப் பதிலாகாது. வங்கக் கடலின் பருவக்காற்றில் பழகிய ஐவர் வடக்கு அத்திலாந்திக்கின் குளிர்காற்றை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதே வரலாற்று வினா. பருவக்காற்று மாதக்கணக்கில் ஒரே திசையில் வீசும். அத்திலாந்திக்கின் காற்று ஒரு நாளில் திசை மாறும். செங்கடலின் வடபகுதியில் எதிர்க்காற்றே மிகுதி. பாய்க்கலம் வளைந்து வளைந்து முன்னேற வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் பாய் மாற்ற எல்லாரும் எழவேண்டும். ஆறு பேர் கொண்ட கலத்தில் இதன் பொருள் தொடர் உறக்கம் இன்மை. வல்வைக் கலங்களில் வழக்கமாகச் சரக்கு ஏற்றப்படும். சரக்கின் எடை கலத்தை நிலைப்படுத்தும். சரக்கில்லாது உரிமையாளரிடம் ஒப்படைக்கச் செல்லும் கலத்திற்கு அடிச்சுமையை வேறுவகையில் அமைத்தாக வேண்டும். பயணத்தின் வெற்றி வீரத்தால் மட்டும் விளைந்ததன்று. கட்டிய மேத்திரியாரின் கணக்கும், ஒவ்வொரு நாளும் கயிற்றையும் பாயையும் பழுதுபார்த்த கைகளும் அதில் பங்கு கொண்டன. கலம் பெயர் மாறியதால், அமெரிக்கப் பதிவேடுகளில் தேடுவோர் அன்னபூரணி என்னும் பெயரில் தேடிப் பயனில்லை. புதிய பெயரைப் பின்தொடர்தல் வேண்டும்.

திரிஷ்ணாவுக்குப் பின்னர் இந்தியக் கடற்படையின் ‘மாதேய்’, ‘தாரிணி’ என்னும் இரு கலங்கள் இவ்வரலாற்றைத் தொடர்ந்தன. இரண்டும் 56 அடி நீளத்தன, கோவாவில் கட்டப்பட்டவை. மாதேயில் அபிலாசு டாமி 2012 நவம்பர் 1இல் மும்பையிலிருந்து தனியே புறப்பட்டு, எத்துறையிலும் நில்லாது உலகைச் சுற்றி 2013 மார்ச்சு 31இல் திரும்பினார். பயணத்தின் இறுதிக் கட்டத்தில் அவரது சேமிப்பு நீரில் டீசல் கலந்துவிட்டது. எஞ்சிய சிறிதளவு நல்ல நீரை அளந்து குடித்தும், மழைநீரைச் சேர்த்தும் அவர் கரைசேர்ந்தார். செயற்கைக்கோள் தொலைபேசி கையிலிருந்த மனிதன், 1,600 ஆண்டுகளுக்கு முந்திய பாகியானின் கலத்தில் இருந்தோரைப் போலவே நீரை அளந்து குடித்தான்! திசையறியும் நுட்பம் முற்றிலும் மாறியது. நீரின் கணக்கு மாறவில்லை. உணவில் மாற்றம் உண்டு. மைசூரிலுள்ள பாதுகாப்புத் துறை உணவு ஆய்வகம் இத்தகைய பயணங்களுக்கென உருவாக்கிய, வெந்நீரூற்றி உண்ணத்தக்க உறை உணவுகள் பழைய பண்டாரியின் இடத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்டன. எனினும் வெந்நீர் காய்ச்ச அடுப்பு வேண்டும். கலம் சாயும்போதெல்லாம் தானும் எதிர்த்திசையில் சாய்ந்து, பாத்திரத்தை மட்டத்தில் நிறுத்துமாறு ஊசலாடும் அடுப்பே இக்கலங்களில் உள்ளது. கொதிநீர் சிந்திக் கைகால் வெந்தால் அருகில் மருத்துவர் இல்லை என்பதால், கடல் கொந்தளிக்கும் நாளில் அடுப்புப் பற்றவைப்பதே ஆராய்ந்து எடுக்கவேண்டிய முடிவாகிவிடும்.

தாரிணியின் 2024–25ஆம் ஆண்டுப் பயணம் தமிழ் ஆய்வாளர்க்குத் தனிச்சிறப்புடையது. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி, கேரளத்தைச் சேர்ந்த தில்னா ஆகிய இரு பெண் கடற்படை அலுவலர்கள் மட்டுமே அதனைச் செலுத்தினர். 2024 அக்டோபர் 2இல் கோவாவிலிருந்து புறப்பட்டு, ஆத்திரேலியாவின் பிரிமாண்டில், நியூசிலாந்தின் லிட்டல்டன், பாக்லாந்துத் தீவுகளின் போர்ட் இசுடான்லி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆகிய நான்கு துறைகளில் மட்டும் தங்கி, 25,000 கடல் மைலுக்கு மேல் கடந்து 2025 மே 29இல் கோவா திரும்பினர். லிட்டல்டனுக்கும் போர்ட் இசுடான்லிக்கும் இடைப்பட்ட ஆறு வாரப் பகுதியே மிகக் கடினமானது. அவ்வழியில் 2025 சனவரி 30இல் அவர்கள் கடந்த ‘நெமோ முனை’ என்னும் இடம், உலகில் நிலத்திலிருந்து மிகத் தொலைவிலுள்ள கடற்பகுதி. எத்திசையிலும் அருகிலுள்ள நிலம் ஏறத்தாழ 2,688 கிலோ மீட்டருக்கு அப்பால். ஆய்வுக்கென அங்குக் கடல்நீரும் எடுத்துவைத்தனர்.

இருவர் மட்டுமே உள்ள கலத்தில் பாகியான் கண்ட கூட்டமும் பூசலும் இல்லை. அதற்கு மாறாகத் தனிமை உண்டு. ஒருவர் விழித்திருக்க மற்றவர் உறங்குவதால், ஒரே கலத்தில் வாழ்ந்தும் ஒருவரையொருவர் காவல் மாறும் வேளையிலேயே பெரிதும் காண்பர். அவ்வேளையில் பரிமாறப்படும் செய்தியோ காற்றின் விசை, பாயின் நிலை, அண்மையில் தென்பட்ட கலம் ஆகியவை பற்றியதே. பெரும்பாய் கிழிந்தாலோ சுருக்கவேண்டி வந்தாலோ உறங்குபவரும் எழுந்தாக வேண்டும். உறங்குவோர் உருண்டு விழாதிருக்கப் படுக்கையின் ஓரத்தில் துணித்தடுப்பு கட்டப்படும். ஈரம் உலராத ஆடை, உப்புப் படிந்த தோல், கடல்நீரில் குளியல் ஆகியன எல்லா நூற்றாண்டுகளுக்கும் பொது.

வல்வெட்டித்துறையின் ஐவர்க்கும் தாரிணியின் இருவர்க்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. பின்னவரின் ஒவ்வொரு நாளும் கலக்குறிப்பேட்டிலும் ஒளிப்படத்திலும் செய்தியறிக்கையிலும் பதிவாயிற்று. முன்னவரின் நாள்களைக் குறித்துத் தமிழில் எழுந்த எழுத்து மிகச் சிறிது; பெரும்பாலானவை புறப்பாட்டையும் வந்துசேர்ந்த நாளையுமே கூறுகின்றன. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்துச் சென்ற தோணிகளின் நிலையும் இதுவே. எந்திரம் வந்தபின் பாய் சுருங்கியது. பாயோடு வழங்கிய ஏவற்சொற்களும் சுருங்கின. பாய்த்தோணியில் சிறுவயதிலேயே பண்டாரிக்கு எடுபிடியாகச் சேர்ந்து, பின்னர்ச் சுக்கான் பிடித்து, தண்டலாக உயர்ந்த முதியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யத்தக்கவை பல. நீர்ப்பீப்பாயின் திறவுகோல் யாரிடம் இருந்தது, அடுப்புக்கு மணல் எங்கிருந்து எடுக்கப்பட்டது, புயலில் எந்தத் தெய்வத்திற்குக் காசு முடிந்து வைக்கப்பட்டது என்பன நேரில் கேட்டாலன்றி அறிய இயலாதவை. தமிழ்த்துறைகள் நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்த வேகத்தில் இவற்றைத் தொகுக்கவில்லை.